விலைக்கு வாங்கிய முகவரிகளும் கேட்டுப் பெற்ற முகவரிகளும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: தாராவியில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தோல் பைப் பட்டறை நடத்தி வருகிறேன். இதுவரை இடைத்தரகர்கள் வழியாகவே விற்று வந்தேன். இனி தீபாவளிப் பரிசாகப் பை, பர்ஸ், டைரி உறை வாங்கும் அலுவலகங்களை நேரடியாக அணுக விரும்புகிறேன். மும்பை அலுவலக மேலாளர்கள் 40,000 பேரின் மின்னஞ்சல் முகவரிகளை எக்செல் கோப்பாக 6,000 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? வேண்டாம் என்றால் எனக்கு முகவரிகள் எங்கிருந்து கிடைக்கும்?
– தோல் பை தயாரிப்பாளர், தாராவி

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள். ஒரு முகவரிக்குப் பதினைந்து காசுதானே என்று மலிவாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பணத்தோடு சேர்த்து உங்கள் மின்னஞ்சலின் நற்பெயரையும் இழப்பீர்கள். ஜிமெயில் போன்ற சேவைகள், அஞ்சல் அனுப்பும் ஒவ்வொரு டொமைனின் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரின்) நடத்தையையும் கவனித்து வருகின்றன. பெறுபவர்கள் ஸ்பேம், அதாவது வேண்டாத அஞ்சல், என்ற பொத்தானை அழுத்திப் புகார் செய்தாலும், இல்லாத முகவரிகளுக்கு அஞ்சல் போய்த் திரும்பிக்கொண்டே இருந்தாலும் அந்த டொமைனின் மதிப்பு சரியும். மொத்தமாக அஞ்சல் அனுப்புவோருக்குக் கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் கடுமையான விதிகளை வகுத்திருக்கின்றன. அவற்றின்படி ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது, 0.1 சதவீதத்துக்குள் வைத்திருப்பதே நல்லது என்று கூகுள் அறிவுறுத்துகிறது. ஆயிரம் பேருக்கு அனுப்பி, மூன்று பேர் எரிச்சலுற்று அந்தப் பொத்தானை அழுத்தினாலே எல்லையைத் தொட்டுவிட்டீர்கள் என்று பொருள். உங்கள் பட்டறையின் பெயரையே கேள்விப்படாத 40,000 பேரில் எத்தனை பேர் அழுத்துவார்கள் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். மேலும், எந்த மனிதருக்கும் சொந்தமில்லாத, அனுமதியின்றி அனுப்புவோரைப் பிடிப்பதற்கென்றே வைக்கப்பட்ட பொறி முகவரிகளும் இத்தகைய கோப்புகளில் கலந்திருக்கக்கூடும்.

எனக்குத் தெரிந்த ஒரு சிறு வணிகர் இப்படி ஒரு பட்டியலை வாங்கி, இரண்டு முறை அஞ்சல் அனுப்பினார். புதிய ஆர்டர் ஒன்றும் வரவில்லை. அதைவிட வருத்தம் என்னவென்றால், பல ஆண்டுகளாக அவரிடம் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அனுப்பிய விலைப்புள்ளிகளும் ஸ்பேமில் போய் விழுந்தன. ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, "ஸ்பேமில் பாருங்கள், அங்கே கிடக்கும்" என்று பல மாதங்கள் சொல்ல வேண்டியிருந்தது.

கேட்காதவர்களுக்கு விளம்பரம் அனுப்பும் வழக்கம் மின்னஞ்சலின் இளமைக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1978 மே மாதத்தில் அமெரிக்கக் கணினி நிறுவனமான டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷனின் கேரி துர்க் என்பவர், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். கண்டனம் எழுந்தது, ஆனால் அந்த விளம்பரத்தால் விற்பனையும் நடந்ததாக அவர் பின்னாளில் கூறினார். அப்படியானால் நாமும் செய்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். அன்று இடையில் நின்று வடிகட்ட எதுவும் இல்லை. இன்று உங்கள் அஞ்சல் மேலாளரின் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் தலைவிதி தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

இனி முகவரிகள் எங்கிருந்து கிடைக்கும் என்பதற்கு வருகிறேன். உங்கள் தொழிலுக்கே உரிய ஒரு வாய்ப்பு மும்பையின் மழைக்காலத்தில் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊரில் அலமாரிக்குள் வைத்த தோல் பையில் பூஞ்சை படிவதைப் பார்க்காத வீடு குறைவு. விற்கும் ஒவ்வொரு பையின் உள்பையிலும் ஒரு சிறு அட்டையை வையுங்கள். அதில் ஒரு கியூஆர் கோடும், "மழைக்காலத்தில் இந்தப் பையைப் பூஞ்சை பிடிக்காமல் காக்கும் முறையை மே மாத இறுதியில் மின்னஞ்சலில் அனுப்புகிறோம்; புதிய பைகள் வரும்போதும் தெரிவிக்கிறோம்; விருப்பமிருந்தால் முகவரியைப் பதியுங்கள்" என்ற வரியும் இருக்கட்டும். பையை விரும்பிப் பயன்படுத்துபவர் தாமே முன்வந்து தருகின்ற முகவரி அது. அவர் பாந்த்ரா–குர்லா வளாகத்திலோ அந்தேரியிலோ ஓர் அலுவலகத்தில் வேலை செய்பவராக இருந்தால், பரிசுப் பொருள் வாங்கும் பொறுப்பாளரிடம் உங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய முதல் ஆளும் அவரே.

அலுவலகங்களைப் பொறுத்தவரை நேரில் போவதற்கு மாற்று இல்லை. மாதிரிப் பையைக் காட்டி விலை சொல்லிவிட்டுக் கிளம்பும்போது, "தீபாவளிக்கான புதிய மாதிரிகளை ஆகஸ்டில் மின்னஞ்சலில் அனுப்பலாமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கண்காட்சியில் ஒருவர் ஒரு பைக்கு விலைப்புள்ளி கேட்டு விசிட்டிங் கார்டு கொடுத்தால், அது அந்த விலைப்புள்ளிக்கான அனுமதி மட்டுமே. மாதந்தோறும் விளம்பரம் அனுப்புவதற்கான அனுமதியன்று. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்த வேறுபாட்டை வலியுறுத்துகிறது. எதற்காகக் கேட்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லி, அவர் தாமாகச் செய்யும் செயலால் ஒப்புதல் பெற வேண்டும் என்றும், ஒப்புதலைத் திரும்பப் பெறுவது அதைத் தந்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் பதினெட்டு மாத அவகாசத்துக்குப் பின் நடைமுறைக்கு வருகின்றன. ஆகவே ஒவ்வொரு முகவரிக்கும் எதிரே, யார் தந்தார், எந்த நாளில், எந்த இடத்தில், எதற்காக என்பதை இன்றே எழுதத் தொடங்குங்கள். பதிந்தவருக்கு உடனே ஓர் உறுதிப்பாட்டு அஞ்சல் சென்று, அதிலுள்ள இணைப்பை அவர் அழுத்திய பிறகே பட்டியலில் சேரும்படி வைத்தால், தவறாகத் தட்டச்சான முகவரிகளும் பிறர் பெயரில் பதிந்தவையும் வாசலிலேயே நின்றுவிடும்.

ஒரு தொழில்நுட்பக் குறிப்பு மட்டும் சொல்லிவிடுகிறேன். பட்டறையின் பெயரில் ஒரு டொமைன் வாங்கி, அந்த முகவரியிலிருந்தே அனுப்புங்கள். ஜோஹோ கேம்பெயின்ஸ், மெயில்சிம்ப் போன்ற மொத்த அஞ்சல் சேவைகளில் உங்கள் ஜிமெயில் முகவரியையே அனுப்புநராக வைத்தால், அஞ்சல்கள் ஸ்பேமுக்குப் போக வாய்ப்பு அதிகம். டொமைன் அமைப்பில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளைச் சேர்க்கச் சொல்லி டொமைன் விற்றவரிடமே கேளுங்கள். இந்த அஞ்சலை அனுப்பியவர் உண்மையில் நீங்கள்தான் என்பதற்கு அவையே சான்று.

கேள்வி: மாட்டுங்காவில் வீட்டிலேயே பொடி, தொக்கு, வடாம் செய்து விற்கிறேன். செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று 180 வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். நவராத்திரிக்கான விலைப்பட்டியலை அனைவருக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்பினேன். ஓர் அம்மாள் மிகவும் கோபித்துக்கொண்டார். நான் செய்த தவறு என்ன? எல்லாரும் வாட்ஸ்ஆப்பில் இருக்கும்போது மின்னஞ்சல் தேவைதானா?
– இல்லத்தரசி, மாட்டுங்கா

பதில்: அந்த அம்மையாரின் கோபம் நியாயமானது, சகோதரி. பெறுநர் என்ற இடத்தில் 180 முகவரிகளையும் நீங்கள் இட்டிருப்பீர்கள். அதனால் ஒவ்வொருவரின் முகவரியும் மற்ற 179 பேருக்கும் தெரிந்துவிட்டது. உங்களை நம்பி ஒருவர் கொடுத்ததை, அவருக்கு அறிமுகமே இல்லாதவர்களிடம் காட்டிவிட்டீர்கள். முதலில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு சிறு மன்னிப்புக் கடிதம் அனுப்புங்கள். 180 கடிதங்கள் என்பது இரண்டு நாள் வேலை. செய்யத் தகுந்த வேலை. பிசிசி என்ற இடத்தில் முகவரிகளை இட்டால் ஒருவருக்கொருவர் தெரியாது என்பது உண்மை. ஆனால் அது தற்காலிக வழியே. இலவச ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. வேண்டாம் என்று விலகிக்கொள்ளும் இணைப்பும் அதில் தானாக அமையாது. ஆகவே மொத்த அஞ்சலுக்கென்றே உள்ள ஒரு சேவைக்கு மாறுவது நல்லது.

வாட்ஸ்ஆப்பை விட வேண்டாம். "இன்று மாலை பருப்புப் பொடி அரைக்கிறேன்" என்ற செய்திக்கு அதுவே ஏற்றது. ஆனால் விலைப்பட்டியல், கெடாமல் வைக்கும் முறை, பண்டிகைக்கு முன்பதிவு செய்ய வேண்டிய கடைசி நாள் போன்றவை நூறு செய்திகளுக்கு அடியில் புதைந்துவிடும். மின்னஞ்சலில் ஆறு மாதம் கழித்தும் தேடி எடுக்கலாம். வேறொரு காரணமும் உண்டு. வாட்ஸ்ஆப் கணக்கு ஏதோ காரணத்தால் முடக்கப்பட்டால், மறுநாள் காலையில் வாடிக்கையாளர்களை அடைய உங்களிடம் வழி இருக்காது. முகவரிப் பட்டியலோ ஒரு கோப்பாக உங்கள் கையில் இருக்கும். அஞ்சல் சேவையை மாற்றினாலும் அது உங்களோடு வரும். மாதம் ஒருமுறை அதைப் பிரதி எடுத்துவையுங்கள்.

கேள்வி: என் தையற்கடைப் பதிவேட்டில் ஐந்து ஆண்டுகளாகச் சேர்ந்த 600 முகவரிகள் உள்ளன. கடந்த முறை அனுப்பிய அஞ்சலை 90 பேர்தான் திறந்ததாகக் காட்டுகிறது. இந்தப் பட்டியல் பயனற்றதா?
– தையற்கடை உரிமையாளர், செம்பூர்

பதில்: திறந்தவர்களின் எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள். அஞ்சலில் மறைந்திருக்கும் ஒரு சிறு படம் இறங்கியதா என்பதை வைத்தே அது கணக்கிடப்படுகிறது. படங்களைத் தடுத்து வைத்திருப்பவர் படித்தாலும் கணக்கில் வரமாட்டார். ஆப்பிள் நிறுவனம் 2021இல் கொண்டுவந்த தனியுரிமை ஏற்பாட்டினால், ஐபோனின் அஞ்சல் செயலியில் படிக்காதவரும் படித்தவராகத் தோன்றக்கூடும். எத்தனை பேர் பதில் எழுதினார்கள், எத்தனை பேர் அளவு கொடுக்கக் கடைக்கு வந்தார்கள் என்று பாருங்கள். அவையே மெய்யான கணக்கு.

முகவரி இல்லை என்று நிரந்தரமாகத் திரும்பி வந்தவற்றை உடனே நீக்குங்கள். இரண்டு ஆண்டுகளாகக் கடைப்பக்கமே வராதவர்களுக்கு, "உங்களுக்குத் தொடர்ந்து எழுதலாமா?" என்று ஒரே ஒரு கடிதம் போடுங்கள், பதில் வராவிட்டால் அவர்களையும் எடுத்துவிடுங்கள். 600 என்பது 200 ஆகச் சுருங்கினால் வருத்தம் வேண்டாம். மீதமிருப்பவர்கள் உங்கள் தையலை விரும்புகிறவர்கள்.

கேள்வி: வாடிக்கையாளர்களுக்குத் தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்திலா?
– வாசகர், முலுண்ட்

பதில்: அதை நீங்கள் ஊகிக்க வேண்டியதில்லை. தமிழ் பேசுபவர்கள் எல்லாரும் தமிழ் படிப்பவர்கள் அல்லர்; மும்பையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலருக்கு மராத்தியோ ஆங்கிலமோ எளிதாக இருக்கும். மேலே சொன்ன தரவுச் சட்டமும், ஒப்புதல் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. முகவரியைப் பதியும் படிவத்தில், "தமிழ், மராத்தி, இந்தி, ஆங்கிலம்: எந்த மொழியில் எழுதட்டும்?" என்று ஒரு வரி சேர்த்து, எதிலும் முன்கூட்டியே குறியிடாமல் விட்டுவிடுங்கள்.