மருத்துவப் பதிவேடு கைமாறும்போது சட்டம் கூடவே போகிறதா? (கேள்வி பதில்)

மின்னணு மருத்துவப் பதிவேடுகளையும் அவற்றைப் பகிர்வதற்கான சட்டங்களையும் பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்த்துவிட்டுப் பின்னர் தரவு ஒழுங்குமுறைக்கு வந்தவன் என்பதால், சட்டப் புத்தகத்தைவிட நடைமுறையின் பக்கமே என் பதில்கள் சற்றுச் சாய்ந்திருக்கும்.

கேள்வி (சட்ட மாணவர்): மருத்துவப் பதிவேடு யாருக்குச் சொந்தம்? நோயாளிக்கா, மருத்துவமனைக்கா?

பதில்: நிலத்துக்கும் நகைக்கும் பொருந்துகிற ‘சொந்தம்’ என்ற சொல் இங்கே சரியாகப் பொருந்துவதில்லை. ஒரு பதிவேட்டைப் பத்துப் பேருக்குக் கொடுத்தாலும் அது கொடுத்தவரிடமும் இருக்கும். அதில் பாதி நோயாளி சொன்னது, மீதி மருத்துவர் கண்டறிந்து எழுதியது. ஆகவே பெரும்பாலான சட்டங்கள் உடைமைக் கேள்வியைத் தொடாமல், பார்க்கும் உரிமை, பிரதி பெறும் உரிமை, பிழையைத் திருத்தக் கோரும் உரிமை என்று பிரித்துக் கொடுக்கின்றன. அமெரிக்காவின் மருத்துவத் தகவல் தனியுரிமைச் சட்டமான ஹிப்பாவின் விதிகளின்படி, கோரிக்கை வந்த 30 நாட்களுக்குள் பிரதி தரவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு மாதக் கெடு வைத்து, முதல் பிரதியை இலவசமாகவும் தரச் சொல்கிறது. விதிவிலக்குகளும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலச் சட்டம், பதிவேட்டில் உள்ள மருத்துவத் தகவலை நோயாளியின் உடைமை என்றே சொல்கிறது.

கேள்வி (மென்பொருள் உருவாக்குநர்): எல்லாரும் ‘ஃபயர்’ (FHIR) தரநிலைக்கு மாறிவிட்டால் மருத்துவமனைகளுக்கு இடையிலான பகிர்வுச் சிக்கல் தீர்ந்துவிடாதா?

பதில்: பாதி தீரும். மருத்துவத் தரவுக்கான தரநிலைகளை வகுக்கும் எச்.எல்.7 அமைப்பு உருவாக்கிய ஃபயர், தரவை எந்த வடிவத்தில் கேட்பது, எந்த வடிவத்தில் தருவது என்பதை ஒழுங்குபடுத்துகிறது. ஆனால் ஒரு செய்தி போய்ச் சேர்வது வேறு, புரிந்துகொள்ளப்படுவது வேறு. ஒரு ஆய்வகம் இரத்தச் சர்க்கரையை டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் என்று எழுதும். இன்னொன்று அதே அளவை லிட்டருக்கு 7 மில்லிமோல் என்று எழுதும். அலகு விடுபட்டு எண் மட்டும் வந்து சேர்ந்தால் அது தகவலே இல்லாததைவிட ஆபத்தானது. பரிசோதனைகளுக்கு ‘லாய்ங்க்’, நோய்ப் பெயர்களுக்கு ‘ஸ்னோமெட்’ என்று பொதுக் குறியீடுகள் இருந்தும், தத்தம் உள்ளூர்ச் சுருக்கெழுத்துகளை விட்டுவிட்டு அவற்றுக்கு மாற மருத்துவமனைகள் ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்கின்றன.

இதற்கும் மேலே மனமில்லாமை என்றொரு தடை இருக்கிறது. தரவு எளிதில் வெளியேறினால் வாடிக்கையாளரும் எளிதில் வெளியேறுவார் என்பது மென்பொருள் விற்பவர்களுக்குத் தெரியும். அதனால்தான் அமெரிக்கா 2016-இல் கொண்டுவந்த 21-ஆம் நூற்றாண்டு குணப்படுத்தல் சட்டத்தில், காரணமின்றித் தகவலைத் தடுத்து வைப்பதையே தவறாக்கியது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், வேறிடத்தில் சேர்க்கப்பட்ட நோயாளியின் அறிக்கையைக் கேட்டால் ‘தனியுரிமைச் சட்டம் இடம் தராது’ என்ற பதில் அநேகமாக ஒவ்வொரு முறையும் வரும். சிகிச்சைக்காக ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்குத் தகவல் தருவதை ஹிப்பா பொதுவாகத் தடுப்பதில்லை. அதற்குத் தனி அனுமதிக் கடிதமும் கேட்பதில்லை. சட்டத்தைப் படிக்காமல் சட்டத்தைக் காட்டி மறுப்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கேள்வி (ஆய்வு மாணவி): பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டால் தரவை ஆய்வுக்கு வெளியிடுவதில் என்ன தவறு?

பதில்: 1990-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஊழியர்களின் மருத்துவமனைத் தரவு, பெயர்கள் நீக்கப்பட்டு ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கி, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றையும் பொருத்திப் பார்த்து, மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவைக் கண்டுபிடித்துவிட்டார். பெயர் இல்லை என்பதால் ஆள் இல்லை என்று ஆகிவிடாது.

பின்னாளில் வந்த ஹிப்பா விதிகள், நீக்கவேண்டிய 18 வகை அடையாளங்களைப் பட்டியலிட்டன. ஜிடிபிஆர் இன்னும் கறாரானது: பெயருக்குப் பதிலாக ஒரு எண்ணை வைத்துவிட்டு, அந்த எண்ணை மீண்டும் ஆளோடு இணைக்கும் சாவியை எங்கோ பூட்டி வைத்திருந்தால், அது இன்னும் தனிநபர் தரவுதான் என்கிறது. உங்கள் ஆய்வு அரிய நோய் ஒன்றைப் பற்றியது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு பகுதியில் அந்த நோய் மூவருக்கே இருக்குமானால் 18 வகைகளை நீக்கியும் பயனில்லை. மரபணுத் தரவில் சிக்கல் இன்னும் ஆழமானது. ஒருவர் தருகிற ஒப்புதல், ஒப்புதல் தராத உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் பற்றிய செய்தியையும் சேர்த்தே வெளியிட்டுவிடுகிறது.

கேள்வி (செவிலியர்): சேர்க்கையின்போது நீட்டப்படும் ஒப்புதல் படிவத்தில் எல்லாரும் வாசிக்காமல் கையெழுத்திடுகிறார்கள். இதற்கு என்ன மதிப்பு?

பதில்: வலியோடு வந்தவர் இடும் கையெழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பு இருக்கலாம், நியாயத்தில் குறைவுதான். சிகிச்சைக்கான பகிர்வுக்குப் பல சட்டங்கள் ஒப்புதலை மட்டுமே நம்பியிருப்பதில்லை. சிகிச்சை அளிப்பதையே தனி அடிப்படையாக ஏற்கின்றன. ஒப்புதல் உண்மையில் தேவைப்படுவது, தரவு சிகிச்சையைத் தாண்டி வேறொரு நோக்கத்துக்குப் போகும் இடத்தில்தான். அங்கேதான் நாம் அவசரப்படுகிறோம்.

இங்கிலாந்தின் ‘கேர்.டேட்டா’ திட்டம் இதற்கு நல்ல பாடம். குடும்ப மருத்துவர்களிடம் உள்ள பதிவுகளை மத்தியில் திரட்டும் அந்தத் திட்டத்தை விளக்க வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் அனுப்பினார்கள். பலர் அது வந்ததையே அறியவில்லை, காப்பீட்டு நிறுவனங்களுக்குத் தரவு போய்விடுமோ என்ற ஐயம் வேறு எழுந்தது. 2014 பிப்ரவரியில் ஒத்திவைக்கப்பட்டு, 2016 ஜூலையில் கைவிடப்பட்டது. ஆஸ்திரேலியாவில், மறுத்தாலொழிய அனைவருக்கும் தேசியப் பதிவேடு உருவாகும் என்று 2018-இல் அறிவித்தபோது 25 இலட்சத்துக்கும் அதிகமானோர் விலகிக்கொண்டார்கள். நீதிமன்ற ஆணை இல்லாமலே காவல்துறைக்குத் தகவல் போக வழி இருந்தது பெரிய விவாதமாகி, அதே ஆண்டின் இறுதியில் சட்டம் திருத்தப்பட்டது. இவ்விரு திட்டங்களின் நோக்கத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. ‘யாருக்குத் தரமாட்டோம்’ என்பதை முதலிலேயே சட்டத்தில் எழுதாமல் விட்டதுதான் குறை.

கேள்வி: மருத்துவமனைத் தரவை என் கைபேசிச் செயலிக்கு மாற்றிக்கொண்டேன். அதே பாதுகாப்பு அதற்கும் உண்டா?

பதில்: எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹிப்பா தகவலைக் காப்பதில்லை. தகவலை வைத்திருக்கும் குறிப்பிட்ட சிலரைத்தான் கட்டுப்படுத்துகிறது: சிகிச்சை அளிப்போர், காப்பீட்டுத் திட்டங்கள், மருத்துவக் கட்டணக் கணக்குகளை மாற்றி அனுப்பும் மையங்கள், இவர்களுக்காக வேலை செய்யும் நிறுவனங்கள். நீங்களே தேர்ந்தெடுத்த செயலி இவர்களில் யாருக்காகவும் வேலை செய்யாவிட்டால், தரவு அங்கே போய் இறங்கிய நொடியில் ஹிப்பா விலகிக்கொள்கிறது. அதே எழுத்து, அதே எண், ஆனால் சட்டம் மட்டும் கூட வரவில்லை. ஜிடிபிஆர் உடல்நலத் தரவைத் தனிச் சிறப்பு வகையாக வைத்திருக்கிறது; அதைக் கையாளும் நிறுவனம் எதுவானாலும் கடமைகள் தொடர்கின்றன. என் கணிப்பில், இந்தத் துறையின் பெரும்பாலான ஓட்டைகள் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

கேள்வி: தரவு திருடப்பட்டால் எத்தனை நாளில் சொல்லவேண்டும்?

பதில்: ஜிடிபிஆரில், தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்கு. ஹிப்பாவில், தெரியவந்த 60 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்கு. மனநலக் குறிப்புகள் திருடுபோன ஒருவருக்கு 60 நாள் மிக நீண்டது என்பது என் கருத்து. பின்லாந்தின் வாஸ்டாமோ உளசிகிச்சை மையத்திலிருந்து திருடப்பட்ட குறிப்புகளைக் காட்டி 2020-இல் நோயாளிகளையே நேரடியாக மிரட்டிப் பணம் கேட்டார்கள்.

கேள்வி (தரவுப் பகுப்பாய்வாளர்): எல்லை தாண்டிய ஆய்வுக்கு வழியே இல்லையா?

பதில்: 2025 மார்ச்சில் அமலுக்கு வந்த ஐரோப்பிய உடல்நலத் தரவு வெளி விதிமுறை ஒரு வழியைத் திறக்கிறது. தரவை ஆய்வாளருக்கு அனுப்புவதற்குப் பதிலாக, ஆய்வாளரைப் பாதுகாக்கப்பட்ட கணினிச் சூழலுக்குள் அழைத்து, அங்கேயே கணக்கிட்டு, முடிவுகளை மட்டும் எடுத்துச் செல்ல விடுகிறது. விளம்பரத்துக்கோ ஒருவரின் காப்பீட்டு விண்ணப்பத்தை நிராகரிப்பதற்கோ அந்தத் தரவைப் பயன்படுத்தக்கூடாது என்று வெளிப்படையாகவே தடை விதித்திருக்கிறது. இத்தகைய மறுபயன்பாட்டிலிருந்து விலகும் உரிமையும் மக்களுக்கு உண்டு. முக்கிய விதிகள் பல 2029 முதல்தான் பொருந்தும் என்பதால், ஒவ்வொரு நாட்டிலும் அனுமதி தரும் அமைப்புகள் எவ்வளவு விரைவாக முடிவெடுக்கும் என்பதை இப்போதே எடைபோட முடியாது.

கேள்வி: நான் மயங்கிய நிலையில் கொண்டுவரப்பட்டால், பூட்டிய பதிவேட்டை யார் திறப்பார்?

பதில்: அவசரப் பிரிவு மருத்துவர் காரணத்தைப் பதிவு செய்துவிட்டுத் திறக்கலாம், ‘கண்ணாடி உடைப்பு’ என்று இதைச் சொல்வார்கள். திறந்தது யார், எப்போது என்ற தடம் அழியாமல் நிற்கவேண்டும். எஸ்டோனியாவில் நோயாளியே இணையத்தில் நுழைந்து, தன் பதிவை யாரெல்லாம் பார்த்தார்கள் என்று பார்க்கமுடிகிறது. பல இடங்களில் தடம் பதிவாகிறது; ஆனால் அதைப் பார்ப்பதற்கென்று யாரும் நியமிக்கப்படுவதில்லை. நீங்கள் குணமாகி வீடு திரும்பிய பின், அந்தப் பட்டியலை மருத்துவமனையிடம் எழுத்து மூலம் கேட்டுப் பாருங்கள்.