மதுரையிலிருந்து ஓராண்டு உலகச் சுற்று: எந்த நாட்டை முதலில் வைப்பது?

கேள்வி: உலகம் சுற்றி முடித்தவர்கள் திரும்பிப் பார்த்து, "இதை முதலிலேயே சரியாகச் செய்திருக்கலாம்" என்று சொல்வது எதை? மதுரையிலிருந்து ஓராண்டுக்குக் கிளம்பத் திட்டம்.

பதில்: நாடுகளின் வரிசையை. பணக்கணக்கும் பையின் எடையும் போகப்போகச் சரிசெய்துகொள்ளக் கூடியவை. விசா வரிசை தப்பினால் பாதியில் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

ஷெங்கன் விசாவுக்கு, அதாவது ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவான ஒரே விசாவுக்கு, பயணத் தேதிக்கு 6 மாதம் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்கவே முடியும். அதுவும் நீங்கள் வசிக்கும் நாட்டிலிருந்து; டூரிஸ்ட்டாகப் போன இடத்தில் கேட்டால் பொதுவாக ஏற்கமாட்டார்கள். ஐரோப்பாவை எட்டாம் மாதத்தில் வைத்துவிட்டு வழியிலிருந்தே வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். எனவே ஐரோப்பா முதலில். அமெரிக்காவின் பி1/பி2 (சுற்றுலா, வணிகப் பயண) விசா நம்மவர்களுக்கு வழக்கமாக 10 ஆண்டுக்குக் கிடைக்கிறது, ஆகவே இரண்டாவதாக வரலாம். ஆனால் நேர்காணல் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகும். விண்ணப்பத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் போடுங்கள். அது கையில் இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விசாக்கள் ஆன்லைனில் வருபவை, வழியிலிருந்தே போடலாம். அவை கடைசியில். ஆக, மேற்கு நோக்கிப் போய், பசிபிக்கைத் தாண்டி, சிங்கப்பூர் வழியாக மதுரையில் இறங்குவதுதான் நமக்குத் தோதான பாதை.

ஷெங்கன் நாள்கணக்கில் கவனம் வேண்டும். எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள்தான். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் சேர்த்தி. விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டும் என்றால், நடுவில் லண்டனோ இஸ்தான்புல்லோ போனதும் கதவு மூடிவிடும். விண்ணப்பத்திலேயே பலமுறை நுழைவு கேட்டு, வெளியே போய்த் திரும்பும் தேதிகளைப் பயணத் திட்டத்தில் காட்டுங்கள். விசா ஸ்டிக்கர் ஒவ்வொன்றும் ஒரு முழுப் பக்கத்தை எடுத்துக்கொள்ளும், முத்திரைகள் வேறு. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே 60 பக்கப் புத்தகம் வாங்கிவிடுவது நல்லது. 36 பக்கத்துக்கு 1500 ரூபாய் என்றால் இதற்கு 2000.

பல விமான நிறுவனங்கள் சேர்ந்த விமானக் கூட்டணிகள் விற்கும் உலகச் சுற்று டிக்கெட் ஓராண்டு வரை செல்லும். ஒரே திசையில் போக வேண்டும், அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் ஒவ்வொரு முறைதான் கடக்கலாம். சொல்லாமல் ஒரு விமானத்தை விட்டுவிட்டால் மிச்சமுள்ள பயணம் முழுக்க ரத்தாகிவிடும். மதுரை–சென்னை டிக்கெட்டைத் தனியாக எடுத்திருந்தால், அது தாமதமானதற்கு அடுத்த விமான நிறுவனம் பொறுப்பேற்காது. முந்தைய நாளே சென்னை போய்விடுங்கள். லாஸ் ஏஞ்சலஸில் திங்கள் இரவு ஏறினால், நடுவில் சர்வதேச தேதிக் கோட்டைத் தாண்டுவதால், நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இறங்குவது புதன் காலை. செவ்வாய்க்கு அறை போட்டால் காசு வீண்.

தென் அமெரிக்காவோ ஆப்பிரிக்காவோ பட்டியலில் இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட வேண்டிவரும். நமக்குப் பக்கம் தூத்துக்குடி துறைமுகச் சுகாதார அலுவலகம். இல்லையென்றால் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும், பிறகு ஆயுளுக்கும் போதும். அந்தக் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து சான்றிதழ் இல்லாமல் இந்தியாவுக்குள் வந்தால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்.

பலர் கோட்டைவிடுவது வங்கி ஓடிபி. ஊர் சிம்மில் ரோமிங்கைக் கிளம்பும் முன்பே திறந்து, எஸ்எம்எஸ் வருகிறதா என்று முதல் நாட்டிலேயே பாருங்கள். டேட்டாவுக்குப் போனில் இரண்டாவது சிம்மாக இசிம் (அட்டை இல்லாமல் போனிலேயே பதியும் சிம்) போட்டுக்கொள்ளலாம். வருட நடுவில் ரீசார்ஜ் தீர்ந்துவிடாமல் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள்.

பருப்புப் பொடி, ஊறுகாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா எது பையில் இருந்தாலும் நியூசிலாந்து வருகைப் படிவத்தில் உணவு இருக்கிறது என்று குறிப்பிடுங்கள். குறிப்பிட்டால் மிஞ்சிப்போனால் பொருளை எடுத்துக்கொள்வார்கள். மறைத்து மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.