பணிக்கொடையை வாங்கும் முன் அடகுச் சீட்டைப் பாருங்கள்

கேள்வி: வேலூரில் ஒரு தனியார் பயிற்சி நிறுவனத்தில் 17 ஆண்டுகளாக இசை மென்பொருள் கற்பித்து வந்த நான், இம்மாத இறுதியில் விடைபெறுகிறேன். வயது 52. கடைசி அடிப்படைச் சம்பளம் 26,000 ரூபாய். வருங்கால வைப்பு நிதியில் சுமார் 9 லட்சமும் வங்கி வைப்பில் 3 லட்சமும் உள்ளன. ஆம்பூரில் ஷூ அப்பர் (காலணியின் மேல்பாகம்) தைக்கும் பட்டறை நடத்தும் மைத்துனருக்காக ஆறு ஆண்டுகளுக்கு முன் மனைவியின் நகைகளை 4 லட்சத்துக்கு அடகு வைத்தோம். ஆண்டுதோறும் 12 சதவீத வட்டியை நானே கட்டி மறு அடகு வைத்து வருகிறேன். இப்போது, வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடையையும் (கிராஜுவிட்டி) அவர் கேட்கிறார். வங்கியில் யூலிப் (முதலீடும் ஆயுள் காப்பீடும் சேர்ந்த திட்டம்) எடுக்கச் சொல்கிறார்கள். எனக்கோ மாதத் தவணையில் கருவிகள் வாங்கி, வீட்டிலேயே ஸ்டுடியோ அமைத்துக் கற்பிக்க ஆசை. எதைச் செய்வது?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: மைத்துனர், யூலிப், ஸ்டுடியோ என மூன்றைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், கேட்காமல் விட்ட அந்த அடகைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டியிருக்கிறது. 4 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 48,000. ஆறு ஆண்டுகளில் 2,88,000 ரூபாய் போயிருக்கிறது, அசல் அப்படியே நிற்கிறது. பணிக்கொடையோ, 26,000ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, அதை 17 ஆண்டுகளால் பெருக்கினால், 2,55,000தான். பதினேழு ஆண்டு உழைப்புக்குக் கிடைக்கும் தொகையைவிட அதிகமாக, வேறொருவர் கடனுக்கு வட்டி கட்டியிருக்கிறீர்கள்.

வட்டி தவறாமல் போகிறது, நகை ஏலத்துக்கு வரவில்லை, ஆகவே கடன் கட்டுக்குள் இருக்கிறது என்று எண்ணிப் பழகிவிட்டதுதான் உங்கள் சிக்கல். அதே வேளையில், ஏறக்குறைய 7 சதவீதம் தரும் வங்கி வைப்பில் 3 லட்சத்தை வைத்துக்கொண்டு 12 சதவீதம் கட்டி வருகிறீர்கள். பணிக்கொடை முழுவதையும், வங்கி வைப்பிலிருந்து 1,45,000ஐயும் சேர்த்து நகையை மீட்டுவிடுங்கள். மாதம் 4,000 ரூபாய்ச் செலவு நிற்கும். சம்பளம் நின்றுபோகும் வீட்டில் அது சிறிய தொகை அல்ல. மீதமுள்ள 1,55,000 அவசரத் தேவைக்கு இருக்கட்டும். வருங்கால வைப்பு நிதியைத் தொடாதீர்கள். வேலையை விட்ட பின்னும் உங்கள் வயதில் அதற்கு வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும்.

மைத்துனருக்குக் கொடுக்கப் பணிக்கொடை மிஞ்சாது என்பதை, அவரிடம் சொல்வதற்கு முன் உங்கள் மனைவியிடம் இந்தக் கணக்கைக் காட்டிப் பேசுங்கள். நகை அவருடையது, தம்பியும் அவருடையவர். பணத்துக்குப் பதிலாக ஜாமீன் கையெழுத்து கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

யூலிப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. நிலையான வருமானம் நிற்கப்போகும் ஒருவரை, ஐந்து ஆண்டுகள் எடுக்க முடியாத திட்டத்தில் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டச் சொல்வது எந்த வகை ஆலோசனை என்று எனக்கு விளங்கவில்லை.

ஸ்டுடியோ ஆசையில் தவறில்லை, மாதத் தவணையில் வாங்குவதுதான் தவறு. நிறுவனத்தின் மென்பொருள் உரிமங்கள் உங்களுடன் வரமாட்டா என்பதால் அந்தச் செலவு புதிதாக வரும். ஆனால் ரீப்பர் (Reaper) போன்ற இசைப்பதிவு மென்பொருளை 60 நாட்கள் சோதித்துப் பார்த்த பிறகு, சிறு வருமானக்காரர்களுக்கான உரிமத்தை 60 டாலருக்கு வாங்கலாம். கையிலிருக்கும் கணினியில் நான்கைந்து மாணவர்களுடன் தொடங்கி, அவர்கள் தரும் கட்டணத்திலிருந்தே ஒலிவாங்கியும் ஸ்பீக்கரும் வாங்குங்கள்.

நகையை மீட்கும் நாளில் ஒவ்வொன்றையும் அடகுச் சீட்டிலுள்ள எடையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். இதே நகைக்கு இன்னும் கூடுதலாகக் கடன் தருகிறோம் என்று அங்கேயே சொல்வார்கள். கணக்கை முடித்ததற்கான ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.