சானலைத் தாண்டிப் போன வார்டு

நண்பரே, பாசனச் சானலுக்கு இக்கரையில் இருக்கும் உங்கள் விளையை, அதாவது தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் உங்கள் குடியிருப்பை, அக்கரை வார்டோடு சேர்த்து ஊராட்சி வார்டு எல்லைகளை மாற்றும் மறுவரையறை வரைவு வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 'காலங்காலமாக ஒன்றாக இருந்தோம்' என்று மட்டும் மனு எழுதினால் படித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள். அரசியல் சாசனத்தின் 243சி பிரிவு கேட்பது வேறு: ஓர் உறுப்பினருக்கு வரும் மக்கள்தொகை ஊராட்சி முழுவதும் இயன்றவரை சமமாக இருக்க வேண்டும். கவனியுங்கள், மக்கள்தொகை, வாக்காளர் எண்ணிக்கை அல்ல. 2017இல் தொடங்கிய மறுவரையறைக்கு 2011 கணக்கெடுப்பைத்தான் எடுத்தார்கள். விளை பழைய வார்டிலேயே இருந்தாலும் சமநிலை கெடாது என்று எண்களால் காட்டுங்கள்.

நம் குமரியில் வீடுகள் தெருவாகவா இருக்கின்றன? தென்னைக்கும் ரப்பருக்கும் நடுவே சிதறிக் கிடக்கின்றன. மேசையில் கோடு போடுபவருக்குப் பாலம் எங்கே என்று எப்படித் தெரியும்? கதவு எண்களைக் குறித்து, பாலம் சுற்றி வாக்குச்சாவடிக்கு எவ்வளவு தூரம் என்று கையால் ஒரு படம் வரைந்து இணையுங்கள்.

நான் ஒருமுறை கையெழுத்து சேகரிப்பதிலேயே நாளைக் கடத்திக் கடைசித் தேதியைக் கோட்டை விட்டேன். தொகுதி வரையறையில் நீதிமன்றம் தலையிடுவதைக் கட்டுப்படுத்தும் 243ஓ பிரிவு இருப்பதால், பிறகு நீதிமன்றத்தை நம்பியிருப்பதும் சரியல்ல. இன்றே மனுவைக் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்கிவிடுங்கள்.