அப்பாவின் மொய் நோட்டு யாருக்கு?

அன்புள்ள ஐயா,

நான் கீரமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். பெங்களூரில் மென்பொருள் வேலை. கணவருக்குச் சொந்த ஊர் கோவை. என் பெற்றோருக்கு நான் ஒரே பிள்ளை. அப்பா போன வருடம் காலமானார். வீடும் தென்னந்தோப்பும் என் பெயருக்கு மாறிவிட்டன. அதில் யாரும் தகராறு செய்யவில்லை. பிரச்சினை அப்பாவின் மொய் நோட்டில்தான் வந்தது.

அப்பா கடைசியாக மொய் விருந்து வைத்தது கஜா புயலுக்கு முந்தைய ஆடியில். 2023-இல் மறுபடி அவருடைய முறை வந்தது. உடம்பு முடியாததால் தள்ளிப்போட்டார். ஆனால் மற்றவர்கள் விருந்துக்கு எழுதுவதை மட்டும் அவர் நிறுத்தவே இல்லை. ஆக, எங்களுக்கு வர வேண்டியதும் இருக்கிறது, நாங்கள் கொடுக்க வேண்டியதும் இருக்கிறது. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், "பொம்பளப் பிள்ளை பேர்ல பத்திரிகை அடிக்கிற வழக்கம் நம்ம ஊர்ல இல்லம்மா. நோட்டைக் குடு, நான் வாங்கி நானே திருப்பிச் செஞ்சுக்கிறேன்" என்கிறார். அவர் கெட்டவர் இல்லை. அம்மாவும் அதுதான் மரியாதை என்கிறார். கணவரோ, "இதெல்லாம் பழைய காலத்துச் சமாச்சாரம், சட்டப்படி உனக்கு ஒரு கடனும் கிடையாது, விட்டுத்தள்ளு" என்கிறார். அலுவலகத் தோழிகள் கதையைக் கேட்டுச் சிரித்தார்கள்.

படித்தவள், சொந்தமாக முடிவெடுப்பவள் என்றுதான் என்னை நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் உடுத்துவது முதல் செலவு செய்வது வரை எல்லாமே யாரோ ஒருவருடைய எதிர்பார்ப்பாக இருக்கிறது. வீடு, ஊர், நண்பர்கள் எல்லாரையும் கழித்துவிட்டால் என்னுடையது என்று ஏதாவது மிஞ்சுமா?

ஒரு வாசகி, பெங்களூரு

அன்புள்ள சகோதரிக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். தூக்கியும் எறியாதீர்கள். அது உங்களுடையது.

உங்கள் பகுதியை அறியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணி, புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், ஆலங்குடி வட்டாரங்களில் ஆடியும் ஆவணியும் மொய் விருந்துக் காலம். கல்யாணம், காதுகுத்து என்று எந்த விசேஷமும் இல்லாமல், மொய்க்காகவே பத்திரிகை அடித்துப் பந்தல் போட்டு ஆட்டுக்கறி விருந்து வைப்பார்கள். சாப்பிட்டவர்கள் ஊர்வாரியாகப் போட்டிருக்கும் மேசைகளுக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்துப் பெயர் எழுதுவார்கள். ஒருவருக்குச் சுமாராக ஐந்து வருடத்துக்கு ஒருமுறை முறை வரும். உங்களிடம் 1,000 வாங்கியவர் உங்கள் விருந்தில் 2,000 எழுதினால், பாதி பழைய கணக்கு, மீதி புது நடை, அதாவது நீங்கள் பின்னால் அவருக்குத் திருப்ப வேண்டிய புதுக் கணக்கு. வாங்கியதை மட்டும் திருப்பி எழுதினால் கணக்கை முடித்துக்கொள்கிறார் என்று அர்த்தம். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. ஆழ்குழாய்க் கிணறு, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், வெளிநாட்டுப் பயணம், பாதியில் நிற்கும் வீடு என்று பல காரியங்கள் இந்தப் பணத்தில்தான் நடந்திருக்கின்றன.

இது ஆதிகாலத்து வழக்கம் என்று உங்கள் அண்ணன் நினைப்பதாகத் தெரிகிறது. மொய் பழையதுதான். ஆனால் மொய்க்கென்றே தனியாக வைக்கும் இந்த விருந்து நம் அப்பாக்களின் தலைமுறையில் வளர்ந்தது. வீட்டில் விசேஷம் எதுவும் இல்லாதவர் கொடுத்துக்கொண்டே இருந்தார், வாங்க அவருக்கு வழி இல்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை, மண்டபங்கள் காலியாக இருக்கும், எனவே அந்த மாதத்தையே எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் தனியாக வைத்தால் செலவு தாங்காது என்று பலர் சேர்ந்து ஒரே பந்தலில் வைக்கத் தொடங்கினார்கள். பணம் எண்ணும் இயந்திரம் வந்தது. மதுரைப் பக்கம் மொய் எழுதக் கணினியே வந்து, பணம் கொடுத்தவருக்கு அந்த இடத்திலேயே ரசீதும் தருகிறார்கள். தேவைப்பட்டபோதெல்லாம் இந்த வழக்கம் மாறியிருக்கிறது. இதையெல்லாம் தாங்கிய வழக்கம் பத்திரிகையில் ஒரு பெண்ணின் பெயரையும் தாங்கும். அண்ணனிடம் இதை நேராகவே சொல்லலாம், கோபப்படாமல்.

கணவர் சட்டத்தைப் பற்றிச் சொன்னதில் பாதி சரி. மொய்ப் பாக்கிக்கு யாரும் உங்கள்மேல் வழக்குப் போடப்போவதில்லை. அதோடு, தகப்பன் கடனை மகன் தீர்த்தே ஆக வேண்டும் என்ற பழைய இந்துச் சட்டக் கடமையும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தோடு போய்விட்டது. ஆனால் சட்டம் இன்னொன்றையும் செய்தது. தமிழ்நாடு 1989-லேயே கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு கொடுத்தது. அதே 2005 திருத்தம் அந்த உரிமையை நாடு முழுவதற்கும் கொண்டுபோனது. தோப்பு உங்கள் பெயருக்கு வந்தபோது ஊர் முணுமுணுக்கவில்லை என்றால் அதற்குப் பின்னால் இப்படி ஒரு நீண்ட கதை இருக்கிறது. சொத்தில் பெண்ணை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நம்பிக்கையில் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. மொய் நோட்டு என்பது 'இவர் கொடுத்தால் திரும்பி வரும்' என்று ஊர் நம்புகிறவர்களின் பட்டியல். அதில் பெண்ணின் பெயர் ஏறுவது தோப்பை எழுதி வாங்குவதைவிடப் பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். அதனால்தான் நோட்டைக் கொடுத்துவிடாதீர்கள் என்கிறேன்.

அண்ணன் நல்லவர் என்று எழுதியிருக்கிறீர்கள், நானும் நம்புகிறேன். ஆனால் நல்ல மனிதர்கள் அன்போடு கேட்கும்போதுதான் பெண்கள் அதிகமாக விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். "உனக்கு எதுக்கும்மா அலைச்சல்" என்ற ஒரு வாக்கியத்தில் எத்தனை கையெழுத்துகள் வாங்கப்பட்டிருக்கும்! அம்மா சொல்லும் மரியாதையையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இத்தனை வருடம் மாமனாருக்கும் கணவருக்கும் பின்னால் நின்று அந்த விருந்துகளுக்கு உழைத்தவர் அவர். எந்த நோட்டிலும் அவர் பெயர் இருக்காது. அவரை எதிர்த்து வெல்ல வேண்டியதில்லை. கேட்க வேண்டும். எந்த வீட்டுக்கு எந்த நெருக்கடியில் அப்பா கூடுதலாக எழுதினார், யார் எழுத முடியாமல் தலைகுனிந்து நின்றார்கள் என்பதெல்லாம் நோட்டில் இருக்காது, அம்மாவிடம் இருக்கும்.

இனி அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயத்திலிருந்து தப்பித்து நகரத்துக்கு வருகிறோம். அங்கே வேறு நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். குழந்தையின் பிறந்தநாளுக்கு எந்த இடத்தில் விருந்து, வந்த பிள்ளைகளுக்குக் கையில் என்ன பொருள் கொடுத்தனுப்புவது, அலுவலகத்தில் ஒருவர் விலகும்போது ஆளுக்கு எவ்வளவு போடுவது, எந்தப் பள்ளி, விடுமுறைக்கு எந்த நாடு, இதற்கெல்லாம் அங்கேயும் எழுதாத கணக்கு உண்டு. ஒருமுறை தவறினால் அடுத்த அழைப்பு வராது. ஊரில் அந்தக் கணக்கை நோட்டில் எழுதி மேசைமேல் வைக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பழைய காலத்துச் சமாச்சாரம் என்பதற்கும் ஒரு பதில். தென் கொரியாவில் கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் உறையில் பணம் கொண்டுபோவது இன்றும் கட்டாயம் மாதிரித்தான். அது லஞ்சமாக மாறக்கூடாது என்று 2016-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், பத்திரிகையாளர்கள் வாங்கும் அந்தப் பணத்துக்கு உச்சவரம்பு வைத்தது. 2018-இல் வரம்பை 50,000 வொன்னாகக் குறைத்தார்கள். ஜப்பானில் துக்க வீட்டுக்குக் கொடுத்த பணத்தில் ஏறக்குறைய பாதி மதிப்புக்கு ஒரு பொருளைப் பின்னால் திருப்பி அனுப்புவார்கள். இவை தொழில்நுட்பத்தில் நமக்கு முன்னால் இருக்கும் நாடுகள்தான். கொடுத்து வாங்குவது காலத்தோடு போய்விடும் பழக்கம் இல்லை. அதை யார் நடத்துகிறார்கள், யாரை அது நசுக்குகிறது என்றுதான் நாம் பார்க்க வேண்டும்.

நசுக்கத்தான் செய்கிறது, அதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆலோசனை சொல்லக்கூடாது. ஆடி பிறந்தால் ஒரே வாரத்தில் பல பத்திரிகைகள் வந்துவிடும். நகையை அடகு வைத்து மொய் எழுதுகிற குடும்பங்கள் உண்டு. முறை வரும்போது பெரிய தொகை கிடைக்கிறதே என்று கணக்குப் பார்க்காமல் புது நடையை ஏற்றிக்கொண்டே போனவர், வாங்கியதைச் செலவழித்துவிட்டு ஐந்து வருடமும் ஓடிக்கொண்டே இருப்பார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையைக் கடந்தபோது உங்கள் பகுதியில் தென்னைகள் எப்படிச் சாய்ந்தன என்பது உங்களுக்கே தெரியும். காய்க்கிற மரம் போய்விட்டால் புதுக் கன்று பலன் தர வருடங்கள் ஆகும். வருமானம் விழுந்தது, கொடுக்க வேண்டிய கணக்கு அப்படியே நின்றது. அதன்பின் 2020-இல் கொரோனா. வாங்கியவரும் கொடுத்தவரும் ஒரே சமயத்தில் அடிபட்டதால் ஊர் பொறுத்துக்கொண்டது. ஒரு வீடு மட்டும் தனியாக விழுந்தால் அதே ஊர் அப்படிப் பொறுக்கும் என்று சொல்ல முடியாது. விருந்துக்கு வந்தவர் எழுதாமல் போனால் அடுத்த நாள் டீக்கடையில் பேச்சு வரும். அந்தப் பேச்சுதான் இந்த ஏற்பாட்டின் வசூல் அதிகாரி. அதற்கு இரக்கம் குறைவு.

அதனால் என் யோசனை இது. முதலில் அம்மாவோடு உட்கார்ந்து நோட்டை இரண்டாகப் பிரியுங்கள், நாம் கொடுக்க வேண்டியவர்கள் ஒரு பக்கம், நமக்கு வர வேண்டியவர்கள் ஒரு பக்கம். கொடுக்க வேண்டியவர்களில் யாருக்கு இந்த ஆடியில் முறை வருகிறதோ அவர்கள் விருந்துக்கு நீங்களே நேரில் போங்கள். இன்னார் மகள் இன்னார் என்று உங்கள் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். முதல் பெயர் ஏறியதும் பாதிப் பேச்சு அடங்கிவிடும், ஏனென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த ஆளை இது வழக்கமில்லை என்று யாரும் மேசையிலிருந்து திருப்பி அனுப்ப மாட்டார்கள். அதற்குப் பிறகு உங்கள் விருந்து. தனியாக வைக்க வேண்டாம். அண்ணனுக்கும் முறை வரும் இல்லையா? அதே பந்தலில் சேர்ந்து வையுங்கள். பத்திரிகையில் அவர் பெயர் ஒரு வரி, உங்கள் பெயர் ஒரு வரி, நோட்டு மட்டும் தனித்தனி. அவருக்கும் மரியாதை குறையாது. அலைச்சலைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாரே, அதைச் செய்யட்டும். பந்தல், சமையல், ஆட்கள் எல்லாம் அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள்.

ஒரு நடைமுறை விஷயம். வருமான வரிச் சட்டத்தில் ஒருவருக்குத் தன் கல்யாணத்தில் வரும் அன்பளிப்புக்கு விலக்கு உண்டு. நெருங்கிய உறவினர் கொடுப்பதற்கும் உண்டு. மற்றவர்கள் கொடுப்பது வருடத்துக்கு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் வருமானமாகப் பார்க்கப்படும். சட்டத்தின் உறவினர் பட்டியலில் பெரியப்பா இருக்கிறார், பெரியப்பா மகன் இல்லை! மாதச் சம்பளக்காரரான நீங்கள் வருடா வருடம் கணக்குத் தாக்கல் செய்கிறவர். விருந்துக்கு முன்பே ஓர் ஆடிட்டரிடம் நோட்டைக் காட்டி, இதில் எது அப்பா கொடுத்தது திரும்பி வருவது, எது புதிதாக வருவது என்று பேசிவிடுங்கள்.

புது நடையை எவ்வளவு ஏற்றுவது என்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. அப்பாவின் கணக்கை முடித்துவிட்டு நிறுத்தினாலும் தவறில்லை. அப்படி முடித்தால் அது சொல்லிக்கொண்டு விலகுவது. நோட்டைத் தூக்கி எறிந்தால் அப்பாவை நம்பிக் கொடுத்தவர்களை ஏமாற்றுவது. ஊரிலிருந்து விலக விரும்புகிறவர்களுக்கும் இந்த வித்தியாசம் முக்கியம் என்றே நினைக்கிறேன்.

எல்லாரையும் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்டிருந்தீர்கள். எதுவும் மிஞ்சாது. நீங்கள் பேசும் தமிழ் அம்மா கொடுத்தது, படிக்க வேண்டும் என்ற பிடிவாதம் ஒருவேளை அப்பா கொடுத்தது, தோழிகள் சிரித்தால் வலிக்கிறதே அந்த மனமும் கூடிப் பழகி வந்ததுதான். தனியாகச் சுரண்டி எடுக்கிற மாதிரி உள்ளே ஒரு 'நான்' கிடையாது. ஆனால் இத்தனை பேர் இத்தனை பக்கம் இழுக்கும்போது, இதில் யாருக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று தேர்ந்தெடுக்க முடியும். அண்ணனும் கணவரும் தோழிகளும் கருத்துச் சொல்கிறார்கள். அந்த நோட்டில் இருப்பவர்கள் பணம் கொடுத்தவர்கள். உங்கள் கல்லூரிக் கட்டணத்தில்கூட அவர்கள் காசு கலந்திருக்கலாம். என்னைக் கேட்டால் அவர்களுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், அதை உங்கள் பெயரில் சொல்ல வேண்டும்.

அப்புறம், பத்திரிகை அடித்ததும் எனக்கும் ஒன்று அனுப்புங்கள். கட்டாயம் வருகிறேன். உங்கள் நோட்டில் என் பெயரைப் புது நடையில் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்