சைகையால் இயங்கும் போன்: கேட்டவையும் என் பதில்களும்

போனை உலுக்கினால் டார்ச் எரியும்படி ஒரு செயலி எழுதினேன். பையில் போட்டு நடந்தால் தானாகவே எரிகிறது. இன்னும் பலமாக உலுக்கினால்தான் எரியும் என்று மாற்றிவிடலாமா?

மாற்றினால், கையில் பலமில்லாதவர்களுக்கு எரியவே எரியாது. நடை, மாடிப்படி, வண்டிக் குலுக்கல் எல்லாமே போனின் அசைவை அளக்கும் முடுக்கமானிக்கு உலுக்கல்தான். தற்செயலாக வராத அசைவு ஒன்று வேண்டும். மோட்டோரோலா போன்களில் டார்ச்சுக்கு, எதையோ வெட்டுவதுபோலக் கையை இரண்டு முறை இறக்க வேண்டும். கேமராவுக்கு மணிக்கட்டை இரண்டு முறை திருப்ப வேண்டும். அந்த 'இரண்டு முறை'யில்தான் சூட்சுமம் இருக்கிறது. கூடவே, திரைக்குப் பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும் அண்மை சென்சார் மூடியிருந்தால் போன் பைக்குள் இருப்பதாக எடுத்துக்கொண்டு அசைவைக் கண்டுகொள்ளாமல் விடுங்கள். அப்புறம், ஒரு நாள் முழுக்கப் பையில் வைத்து சென்சார் பதிவை எடுங்கள். அதை உங்கள் நிரலுக்குக் கொடுத்து, எத்தனை முறை தப்பாக எரிகிறது என்று எண்ணுங்கள். மேசையில் எத்தனை முறை சரியாக எரிந்தது என்பதைவிட எனக்கு இந்த எண்தான் பெரிது.

இடது ஓரத்திலிருந்து இழுத்தால் மெனு வர வேண்டும். பலருக்குச் செயலியே மூடிக்கொள்கிறதே?

ஆண்ட்ராய்டு 10 (2019) முதல், சைகை வழிச்செலுத்தலில் (கீழ்ப் பொத்தான்களுக்குப் பதில் விரலை இழுத்தே போனை இயக்கும் முறை) இரு ஓரங்களும் 'பின்செல்'லுக்குச் சொந்தம். கொஞ்சம் இடத்தை விலக்கித் தரக் கேட்கலாம், ஆனால் ஓரத்துக்கு 200 டிபி (எந்தத் திரையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும் நீள அலகு) மட்டும்தான் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியும் மெனு பொத்தான் வைத்துவிடுங்கள்.

ஈரக் கையோடு பயன்படுத்துவோருக்கு இழுப்பது நல்லதா, தட்டுவதா?

தட்டுவதுதான். விரல் பட்டதும் ஏற்படும் மின்தேக்க மாற்றத்தை, அதாவது மின்னேற்றத்தைத் தேக்கும் திறனில் வரும் மாற்றத்தை, தொடுதிரை அளக்கிறது. நீர்த்துளியும் அதைக் குழப்பும். ஈர விரலை இழுக்கும்போது கோடு நடுவில் அறுந்து, ஒரே இழுப்பு இரண்டு மூன்று தட்டல்களாகப் பதிவாகிவிடும். பொத்தான் குறைந்தது 48 டிபி, அதாவது சுமார் 9 மில்லிமீட்டர் இருக்கட்டும். அழிப்பது, பணம் அனுப்புவது போன்றவற்றை ஒரே தட்டலில் முடிக்க விடாதீர்கள்.

கை நடுங்குபவர்களுக்கு?

இதை எல்லாரும் கடைசியில்தான் கேட்கிறார்கள், வருத்தமாக இருக்கிறது. போனை அசைத்துச் செய்யும் வேலையைத் திரையிலும் செய்ய முடிய வேண்டும், அசைவை அணைத்துவைக்கவும் வசதி வேண்டும் என்று 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 (எல்லாராலும் பயன்படுத்த முடிவதற்கான இணைய வழிகாட்டி நெறிகள்) சொல்கிறது. செயலித் திரையின் முதல் வரைபடத்திலேயே அதற்கான பொத்தானுக்கு இடம் ஒதுக்குங்கள்.

தொடாமல் காற்றில் கையசைப்பது?

2019-இல் கூகுளின் பிக்சல் 4 போனில் அதற்கென்றே ரேடார் வைத்தார்கள், அடுத்த ஆண்டு பிக்சல் 5-இல் அது இல்லை. கையில் பிடித்திருக்கும் போனுக்கு விரல் பக்கத்திலேயே இருக்கிறது. கையில் மாவோ மசகோ இருக்கும்போது, தள்ளி வைத்த போனில் 'அடுத்த பக்கம்' போக மட்டும் முயன்று பாருங்கள்.