யாழ்ப்பாணத்தில் நிரப்பப் போகும் காணி ஈரநிலமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி இதுதான்: "யாழ்ப்பாணத்தில் வயல்வெளியை ஒட்டி 8 பரப்புக் காணி (ஒரு பரப்பு ஏறத்தாழ 250 சதுர மீற்றர்) விலைக்கு வந்திருக்கிறது. நாலடி கிரவல் போட்டு நிரப்பி வீடு கட்டலாம் என்கிறார் தரகர். பக்கத்துப் பெரிய துண்டையும் நிரப்பி, பிரித்து விற்கப் போகிறார்களாம். அது ஈரநிலமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஈரநிலம் என்றால் அதைக் காப்பாற்ற வழி உண்டா?"

தரகர் உங்களை எந்த மாதத்தில் கூட்டிக்கொண்டு போனார்? ஆடி, ஆவணி என்றால் நீங்கள் அந்தக் காணியை இன்னும் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன். அந்த மாதங்களில் எங்கள் ஊர் வெளி முழுக்க வெடித்த மண்ணும் காய்ந்த சாணமும்தான். பொடியன்கள் விக்கெட் நட்டுக் கிரிக்கெட் விளையாடுவார்கள். கார்த்திகையில் அதே பொடியன்கள் அதே இடத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று மீன் பிடிப்பார்கள். யாழ்ப்பாணத்து ஈரநிலம் பெரும்பாலும் வருடத்தில் மூன்று, நான்கு மாதத்துக்குத்தான் ஈரநிலம். மற்ற நாட்களில் அது வெறும் தரை போலக் கிடக்கும். காணி வியாபாரமும் அந்த நாட்களில்தான் நடக்கும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் நிரப்பியவர்கள் பக்கத்து ஆள். எங்கள் வீடு, மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்று வெளியை ஒட்டிய ஊரில். அம்மாவின் சீதனக் காணியில் 6 பரப்பு வயல் விதைப்பாரில்லாமல் கிடந்தது. 2016இல் நல்ல விலை வந்தது, விற்றோம். வாங்கியவர் டிப்பர் டிப்பராகக் கிரவல் கொட்டி ஒழுங்கையை விட உயர்த்தினார். அடுத்த மாரியில் அந்த 6 பரப்பில் நிற்க வேண்டிய தண்ணீர் இடம் தேடிப் புறப்பட்டது. 2008 நவம்பரில் நிஷா புயல் மழைக்கே சின்னம்மா வீட்டுப் படியைத் தாண்டாத வெள்ளம், ஒரு சாதாரண ஐப்பசி மழைக்குக் குசினிக்குள் வந்து அடுப்பை நனைத்தது. அதை விட மோசம், மலசலகூடக் குழி நிரம்பி, அந்தத் தண்ணீரும் கிணற்றடித் தண்ணீரும் ஒன்றாகிப் போனது. சின்னம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. "தம்பி, போத்தல் தண்ணி ரெண்டு வாங்கிக்கொண்டு வா" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைப் படிக்கத் தொடங்கினேன். படித்ததையும் பட்டதையும் சொல்கிறேன்.

ஈரநிலம் என்றதும் தாமரைக் குளமும் நாரையும் நினைவுக்கு வரும். 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின் வரையறை அதை விடப் பெரிது. இயற்கையாக உண்டானதோ மனிதர் வெட்டியதோ, நிரந்தரமோ தற்காலிகமோ, நன்னீரோ உவர்நீரோ, தண்ணீர் நிற்கும் நிலமெல்லாம் அதற்குள் வரும். கடலில் நீர் வற்றி இறங்கும் நேரத்தில் 6 மீற்றருக்கு மேல் ஆழமில்லாத பகுதியும் சேர்த்தி. ஆக எங்கள் வயல், தரவை (மாரியில் தண்ணீர் நிற்கும் புல்வெளி), கேணி, கடல்நீரேரிக் கரை எல்லாமே ஈரநிலம்தான். "தற்காலிகமானது" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துக்காரனுக்கு அந்த ஒரு சொல் போதும்.

களத்தில் கண்டுபிடிக்க மூன்று சாட்சிகள் உண்டு: தண்ணீர், மண், செடி. அமெரிக்க இராணுவப் பொறியியல் படையின் 1987ஆம் ஆண்டுக் கையேடு இந்த மூன்றையும் வைத்துத்தான் எல்லை போடச் சொல்கிறது. அவர்களுடைய சட்டம் நமக்கு இல்லை. ஆனால் மண்ணும் தண்ணீரும் எங்கும் ஒரே மாதிரித்தான் நடந்துகொள்ளும்.

மூன்றில் எனக்கு மண்ணில்தான் நம்பிக்கை. தண்ணீர் வற்றிவிடும், செடியைச் செருக்கிவிடலாம், மண் பொய் சொல்லாது. ஆவணி மாதத்தில் கூடப் பார்க்கலாம். காணிக்காரரிடம் கேட்டுவிட்டு, மண்வெட்டியால் ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். சுன்னாகம், உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டக்காணி என்றால் அடிவரை செம்மண். உள்ளே காற்றுப் போய் இரும்பு துருப்பிடித்ததால் வந்த சிவப்பு அது. மாதக்கணக்காகத் தண்ணீர் நிற்கிற மண்ணுக்குள் காற்றுப் புகாது, இரும்பு கரைந்து இடம் மாறிவிடும், மண் வெளிறிச் சாம்பல் நிறமாகும். நான் எங்கள் வெளியில் வெட்டியபோது நாலு விரற்கடைக்குக் கீழேயே சாம்பல். அதற்குள் செம்மஞ்சள் நூல்கள் ஓடியிருந்தன. கையில் எடுத்து உடைத்துப் பார்த்தால் ஒவ்வொரு நூலும் பழைய நெல் வேர் போன துளை. வேர் வழியே காற்று இறங்கிய இடத்தில் மட்டும் துருப் பிடித்திருந்தது. கூடவே பொட்டுப் போலச் சின்னச் சின்ன நத்தை ஓடுகள். கடல்நீரேரிக் கரையாக இருந்தால் கூழ்முட்டை மணம் வேறு வரும்.

செடி என்றால் கோரை, சம்பு, நீர்முள்ளி, பொன்னாங்காணி. உவர்த் தரையில் உமரி, கரையோரத்தில் கண்டல். ஒரு மூலையில் நாலு கோரை நிற்பதைக் கண்டு பதறத் தேவையில்லை. கிணற்றடி வாய்க்காலிலும் கோரை முளைக்கும். காணி முழுக்க அதுவே ஆள்கிறதா என்று பாருங்கள். தண்ணீருக்கு, வற்றிய பிறகும் அடையாளம் இருக்கும்: பனையின் அடியில் சேறு காய்ந்த கோடு, வேலிக் கதியாலில் அதே உயரத்தில் இன்னொரு கோடு, முள்ளுக்கம்பியில் சிக்கிய வைக்கோல்.

ஆளைக் கேட்பதும் ஆய்வுதான். கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். "இங்கே வெள்ளம் வருமா?" என்று கேட்டால் காணி விலை விழுந்துவிடும் என்ற பயத்தில் "சீச்சீ" என்பார்கள். "மாரியில் மாட்டை எங்கே கட்டுவீங்கள், ஆச்சி?" என்று கேட்டுப் பாருங்கள். மேடு எது பள்ளம் எது என்று ஊர் முழுக்க விரலால் காட்டிவிடுவார். காணியின் பெயரும் பேசும். கலட்டி, பிட்டி, திடல் என்று முடிந்தால் மேடு. பள்ளம், தாழ்வு, வெளி, தரவை, ஓடை என்றால் நம் முன்னோர் ஏற்கனவே எழுதி வைத்துவிட்டார்கள். உறுதியை எடுத்து, பரப்பளவுக்குப் பக்கத்தில் வரகு என்று போட்டிருக்கிறதா, நெல் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்; வரகு என்றால் மேட்டுக்காணிக் கணக்கு, நெல் என்றால் வயல் கணக்கு. நான்கு எல்லைகளில் ஏதாவது ஒன்று "வாய்க்கால்" என்று இருந்தால், அந்த வாய்க்கால் இப்போது எங்கே என்று நேரில் போய்த் தேடுங்கள். எங்கள் உறுதியில் கிழக்கு எல்லை வெள்ளவாய்க்கால். விற்கும்போது நான் அதை வாசித்தேன், யோசிக்கவில்லை.

கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் படங்களைத் தள்ளிப் பார்க்கலாம். மார்கழி, தை மாதத்துப் படமாகத் தேடுங்கள். மாரியில் முகில் மறைக்கிறது என்றால் ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 படங்கள் இலவசம். அது ராடார், முகிலுக்கு ஊடாகவும் தண்ணீரைக் கறுப்பாகக் காட்டும்.

சரி, ஈரநிலம்தான் என்று தெரிந்துவிட்டது. அப்புறம்? "ஈரநிலச் சட்டம்" என்று ஒன்றைத் தேடி அலையாதீர்கள். நிலம் எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் கதவைத் தட்ட வேண்டும்.

வயல் என்றால் வழி தெளிவு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வயலை நிரப்பக் கூடாது. விதைக்காமல் தரிசாகக் கிடக்கிறது என்பது அனுமதி ஆகாது. உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் வயற்காணிப் பதிவேடு இருக்கும். அந்தத் துண்டு அதில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தரகர் "மேட்டுக்காணி" என்று சொன்னது பதிவேட்டில் வயலாக இருந்தால், நீங்கள் வாங்கினாலும் கட்டிட அனுமதிக்கு அலைய வேண்டி வரும். கடல்நீரேரிக் கரை என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தைக் கேட்க வேண்டும். கடற்கரையில் சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். ஏரியும் அது கடலோடு சேரும் முகமும் வந்தால் அளவை வேறு, நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெரிய துண்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993இல் வந்த பட்டியலின்படி, 4 ஹெக்டேயருக்கு மேல் ஈரநிலத்தை நிரப்புவதானால் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு நடைமுறைக்குள் வர வேண்டும். 4 ஹெக்டேயர் என்றால் நம் கணக்கில் ஏறத்தாழ 158 பரப்பு. யாழ்ப்பாணத்தில் 158 பரப்பை ஒரே ஆள் ஒரே தடவையில் நிரப்புவதை நீங்கள் எத்தனை முறை கண்டிருக்கிறீர்கள்? இங்கே 5 பரப்பு, 10 பரப்பு, அண்ணன் பங்கு, தங்கை பங்கு என்றுதான் வெளி கரைகிறது. அந்தப் பெரிய சட்டத்தின் கண்ணுக்கு இதில் ஒன்றும் படாது. எங்கள் 6 பரப்பும் படவில்லை.

அதனால் சின்னக் கயிறுகளைப் பிடிக்க வேண்டும். காணியைத் துண்டாடப் பிரதேச சபையின் அனுமதி வேண்டும். வெள்ளவாய்க்கால் அடைபடுகிறது என்று அந்தக் கட்டத்திலேயே எழுத்தில் கொடுக்கலாம். கிரவல் ஏற்றிவரும் டிப்பருக்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். யாரும் பதில் சொல்லாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பம் போட்டு, "இந்தக் காணியை நிரப்ப அனுமதி வழங்கப்பட்டதா? ஆம் எனில் பிரதி தரவும்" என்று இரண்டே வரி கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நீண்ட முறைப்பாட்டை விட இந்த இரண்டு வரி வேகமாக வேலை செய்ததை நான் கண்டிருக்கிறேன்.

எல்லாம் கிரவல் விழ முன்பு நடக்க வேண்டும். நாங்கள் சின்னம்மாவின் வீட்டுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, வந்து பார்த்தவர் நிரப்பிய மேட்டில் நின்றுகொண்டு, "இது மேட்டுக்காணிதானே?" என்றார். என்னிடம் பழைய படம் ஒன்றுகூட இல்லை. 2021இல் அதே வெளியில் இன்னொரு துண்டுக்குப் பேச்சு வந்தபோது, அயலட்டை நாலு பேர் சேர்ந்து கார்த்திகை முழுக்க ஒரே மதகில் நின்று, திகதி விழும்படி படம் எடுத்தோம். அந்தப் படங்களால் நிரப்புவதை நிறுத்த முடியவில்லை. 12 அடி அகல வாய்க்காலை விட்டு, மதகைத் திறந்தபடி வைத்து நிரப்பினார்கள். அரைக் கிணறு தாண்டிய கதைதான், ஆனால் அந்தப் பக்கத்து வீடுகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை.

எதிர்த்தால் இரண்டு வாதம் வரும். ஒன்று நுளம்பு. டெங்கு நுளம்பு சிரட்டையிலும் டயரிலும் பூச்சாடித் தட்டிலும் பெருகுவது, மீன் ஓடும் வெளியில் அல்ல. மற்றது, "வீடில்லாத சனம் எங்கே போகும்?" இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. பள்ளக்காணி மலிவு, காசில்லாதவர்தான் அங்கே வருகிறார். காணி முழுவதையும் நிரப்பாமல், தூண் போட்டுத் தளத்தை உயர்த்திக் கட்டினால் தண்ணீர் அடியால் போகும் என்று மட்டும் சொல்வேன். செலவு கூடத்தான்.

கிணற்றை மறக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. நாம் குடிப்பது மாரியில் சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழையை. அந்த நன்னீர் உப்புத் தண்ணீரின் மேல் வில்லை போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் இருந்தால் கீழே சுமார் 40 அடி நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழேயும் அதே விகிதத்தில் உப்பு ஏறும். வயலில் மூன்று மாதம் நின்று இறங்கும் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கடலுக்கு அனுப்பினால், பங்குனியில் யாருடைய கிணறு கரிக்கும் என்று காணி வாங்கியவருக்கு முதலே தெரியாது.

இனி உங்கள் 8 பரப்பு. கமநல சேவை நிலையத்தில் பதிவேட்டைப் பாருங்கள், உறுதியில் எல்லைகளைப் பாருங்கள், குழி வெட்டுங்கள். பிறகு கார்த்திகையில் ஒரு நல்ல மழை விட்ட மூன்றாம் நாள், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தக் காணியின் நடுவில் போய் நின்று, தண்ணீர் எந்தப் பக்கமாக நகர்கிறது என்று ஒரு வைக்கோல் துண்டைப் போட்டுப் பாருங்கள். அதுவரை தரகருக்கு அச்சாரம் கொடுக்காதீர்கள்.